யூனிட் வாங்கிய காலம்

எங்கள் பாண்டுப்பில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் யாராவது "கொஞ்சம் யூனிட் போட்டிருக்கிறேன்" என்று சொன்னால் அது யூனிட் டிரஸ்டின் யூ.எஸ்.64 தான். பெண்ணின் கல்யாணத்துக்கு யூனிட், பிள்ளையின் படிப்புக்கு யூனிட், ரிடையர் ஆனபின் கைச்செலவுக்கு யூனிட். ஒவ்வொரு ஜூலையிலும் விலையைச் சற்றுக் குறைத்து விற்பார்கள். ஆடித் தள்ளுபடியில் புடவை எடுப்பது போல அந்த மாதம் பார்த்து வாங்கியவர்கள் அநேகம்.

இங்கு குடியேறியவர்கள் யார் என்று சொன்னால்தான் யூனிட்டின் மவுசு புரியும். மாட்டுங்காவில் இடம் கிடைக்காமல் செம்பூர், அதுவும் கட்டுப்படியாகாமல் காட்கோபர், பாண்டுப், முலுண்டு என்று ரயில் பாதையோடு நம்மவர்கள் நகர்ந்து வந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி மார்க்கில் ஏஷியன் பெயிண்ட்ஸ், சியட், கெஸ்ட் கீன் வில்லியம்ஸ் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் இருந்தன. அவற்றில் அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ், டைப்பிங் வேலைகளில் இருந்தவர்களுக்குச் சர்க்கார் உத்தியோகஸ்தரைப் போலப் பென்ஷன் கிடையாது. பிராவிடண்ட் ஃபண்டும் கிராஜுவிட்டியும் ஒரே நாளில் மொத்தமாகக் கைக்கு வரும். அதை வைத்துக்கொண்டு தம்பதிகள் இருவரும் இருபது, இருபத்தைந்து வருஷம் ஓட்டியாக வேண்டும். தொழிலாளர் பென்ஷன் திட்டம் 1995 நவம்பரில்தான் வந்தது. அதன் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டதே 2014ல்.

யூனிட் டிரஸ்டைக் கொண்டுவந்தவர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. எல்.ஐ.சி. பணத்தைக் கொண்டு முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளை வாங்கிய விவகாரத்தில், பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவின் விசாரணைக்குப் பிறகு, 1958ல் நிதி மந்திரி பதவியை விட்டு விலகியவர் அவர். 1963ல் மறுபடி நிதி மந்திரியானதும் அந்த வருஷமே யூனிட் டிரஸ்ட் சட்டம் நிறைவேறியது. பொதுஜனங்களின் சேமிப்பைப் பங்குச் சந்தையில் போட்டதால் பதவி இழந்த மனிதரே, பொதுஜனங்கள் முறையாகப் பங்குச் சந்தைக்கு வர வழியும் அமைத்தார் என்பதை நினைத்தால் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ஆரம்ப மூலதனம் 5 கோடி ரூபாய். அதில் பாதி ரிசர்வ் வங்கியுடையது. 1964 ஜூலையில் 10 ரூபாய் முகமதிப்பில் யூ.எஸ்.64 விற்பனைக்கு வந்தது. முதல் வருஷ டிவிடெண்டு 6.1 சதவிகிதம்.

இன்றைய பாஷையில் அது ஒரு பாலன்ஸ்டு ஃபண்டு. பங்கும் கடன் பத்திரமும் கலந்தது. அமெரிக்காவில் 1929லேயே வெலிங்டன் ஃபண்டு இந்தக் கலவையைத் தொடங்கிவிட்டது. பங்கு வளர்ச்சி தரும். பத்திரம் வட்டி தரும். சந்தை சரிந்தாலும் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடாது. ரிடையர் ஆனவருக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

கோளாறு கலவையில் இல்லை, கலவை எவ்வளவு என்று வெளியில் தெரியாததில் இருந்தது. யூனிட்டின் விலையை டிரஸ்டே நிர்ணயித்தது. உள்ளே இருக்கும் சொத்தின் நிகர மதிப்பு தனி. அது வெளிவருவதில்லை. 1992 வாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த பங்கு முதலீடு, 1998ல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது. இடையில் டிவிடெண்டு 26 சதவிகிதம் வரை போயிற்று. வங்கி டெபாசிட்டைப் போன்றது என்று நினைத்து வைத்திருந்தவரின் பணம், அவருக்கே தெரியாமல், பங்குச் சந்தையில் உட்கார்ந்திருந்தது. 1998 அக்டோபரில்தான் உண்மை வெளிவந்தது: ஜூன் இறுதியில் ரிசர்வ் கணக்கு 1,098 கோடி ரூபாய் பற்றாக்குறை. தீபக் பாரேக் தலைமையிலான குழு, மூன்று வருஷத்துக்குள் நிகர மதிப்பின்படியே விலை வைக்க வேண்டும் என்றது. அரசாங்கமும் 3,300 கோடி ரூபாய் அளவுக்குக் கைகொடுத்தது.

அதற்குள் 2001 வந்துவிட்டது. ஏப்ரல், மே மாதங்களில் 4,000 கோடி ரூபாய்க்கு மேல் யூனிட்டுகள் திரும்பக் கொடுக்கப்பட்டன. பெரும்பகுதி கம்பெனிகளுடையது. உள்ளே மதிப்பு 10 ரூபாய்க்கும் கீழே இருக்க, அவர்களுக்குக் கிடைத்தது 14 ரூபாய்க்கு மேல். ஜூலை 2ஆம் தேதி விற்பதும் திரும்ப வாங்குவதும் ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டன. சுமார் இரண்டு கோடி யூனிட்தாரர்கள் வெளியே நின்றார்கள்.

அந்தக் காலகட்டத்தின் கெடுபிடியைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். பி.பி.எஃப். வட்டி 2000 ஜனவரி வரை 12 சதவிகிதம். 2003 மார்ச்சில் 8 சதவிகிதம். 2000-01ல் பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் விருப்ப ஓய்வு பெற்று, மொத்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று விழித்தார்கள். அந்த நேரம் பார்த்து யூனிட் கதவு மூடியது. எங்கள் கட்டடத்தில் மாலையில் நாலு பேர் கூடினால் இதே பேச்சுதான்.

பின்னர் சிறு முதலீட்டாளருக்கு வழி பிறந்தது. முதலில் 3,000 யூனிட் வரை, பிறகு 5,000 யூனிட் வரை, 2003 மே மாதம் யூனிட்டுக்கு 12 ரூபாய் என்றும், அதற்கு மேற்பட்டதற்குக் குறைந்தது 10 ரூபாய் என்றும் உத்தரவாதம். 10,000 யூனிட் வைத்திருந்தவருக்கு 60,000மும் 50,000மும் சேர்த்து 1,10,000 ரூபாய். 14 ரூபாய்க்குப் போயிருந்தால் 1,40,000. இந்த 30,000 வித்தியாசம் அந்நாளில் பாண்டுப் குடும்பம் ஒன்றின் பல மாதச் செலவு. ஆனாலும் வேண்டியவர்களுக்குப் பணத்துக்குப் பதிலாக 6.75 சதவிகித வரியில்லாப் பத்திரம் தரப்பட்டது. அது 2008ல் முதிர்ந்து முழுத்தொகை கைக்கு வந்தது. அந்த வருஷம் ஜனவரியில் 21,000ஐத் தாண்டிய சென்செக்ஸ், அக்டோபரில் 8,000க்குக் கீழும் போயிற்று என்பதால், பத்திரத்தில் பொறுமையாக இருந்தவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று சொல்ல முடியாது. டிரஸ்ட் 2003 பிப்ரவரியில் இரண்டாகப் பிரிந்தது.

அந்தக் களேபரத்தில் பலர் கவனிக்காமல் விட்ட சங்கதி ஒன்று உண்டு. அதே 2001 டிசம்பர் இறுதியில் பெஞ்ச்மார்க் என்ற சிறிய நிறுவனம் நிஃப்டி பீஸ் என்ற நாட்டின் முதல் இ.டி.எஃப்.ஐக் கொண்டுவந்தது. நிஃப்டியில் உள்ள ஐம்பது கம்பெனிகளின் பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைப்பதோடு சரி. ஒரு யூனிட் அப்போது நிஃப்டியின் பத்தில் ஒரு பாகமாக இருந்தது. அமெரிக்காவில் வான்கார்டு 1976ல் தொடங்கிய இண்டெக்ஸ் ஃபண்டின் வழி வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அன்றைய பேப்பரைப் பார்த்தே சொல்லிவிடலாம். யூனிட் 64க்கு நேர் எதிர். ஆனால் டீமாட் கணக்கும் புரோக்கரும் வேண்டும் என்றதும் நம்மவர்கள் ஒதுங்கிவிட்டார்கள்.

பாலன்ஸ்டு ஃபண்டுகள் வேறு பாதையில் வளர்ந்தன. வரிச் சலுகைக்காக 2006 முதல் பங்கு 65 சதவிகிதம் இருக்க வேண்டும் என்று ஆனதால், 'பாலன்ஸ்டு' என்ற பெயரோடு விற்ற பெரும்பாலான ஃபண்டுகள் அந்த எல்லைக்கு மேலேயே நின்றன. 1998ல் யூனிட் 64ல் இருந்ததும் ஏறத்தாழ இதே விகிதம்தான்! ஒரே வித்தியாசம், இப்போது தினமும் நிகர மதிப்பு வருகிறது, மாதாமாதம் எதில் முதலீடு என்ற பட்டியல் வருகிறது. படிப்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். 2015, 2016ல் மாத டிவிடெண்டு வருகிறதே என்று ரிடையர் ஆனவர்கள் இவற்றில் குவிந்தபோது எனக்கு 26 சதவிகித நாட்கள் ஞாபகம் வந்தன. அந்த டிவிடெண்டு வட்டி அல்ல. உங்கள் முதலிலிருந்தும் வரலாம். செபி 2021 ஏப்ரலில் டிவிடெண்டு என்ற பெயரையே எடுத்துவிட்டு, 'வருமானப் பகிர்வும் மூலதனத் திரும்பப்பெறுதலும்' என்று பொருள்படும் நீளமான பெயரை வைத்தது.

அதற்கு முன்பே, 2017 அக்டோபரில், பெயருக்கும் பண்டத்துக்கும் பொருத்தம் வேண்டும் என்று செபி வரையறுத்தது. அக்ரெசிவ் ஹைப்ரிட் என்றால் பங்கு 65 முதல் 80 சதவிகிதம். பாலன்ஸ்டு ஹைப்ரிட் 40 முதல் 60. கன்சர்வேடிவ் ஹைப்ரிட் 10 முதல் 25. பாலன்ஸ்டு அட்வாண்டேஜ் என்பதில் நிர்வாகியே ஏற்றி இறக்குவார். 1994ல் தொடங்கிய, நம்மவர் பலருக்குப் பரிச்சயமான ப்ரூடென்ஸ் ஃபண்டு 2018ல் இந்தக் கடைசிப் பெயருக்கு மாறியது. ஆகவே என்னிடம் ஃபண்டு பெயர் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, சந்தை பாதியானால் எத்தனை வருஷம் அந்தப் பணத்தைத் தொடாமல் இருப்பீர்கள் என்பதுதான். ஐந்து வருஷச் செலவு டெபாசிட்டிலும் மூத்த குடிமக்கள் திட்டத்திலும் இருக்கிறவர் 65 சதவிகிதத்துக்குத் துணியலாம். மற்றவர்களுக்குக் கன்சர்வேடிவ் போதும். இ.டி.எஃப். என்றால் கலவையை நாமே செய்துகொள்ள வேண்டும்: நிஃப்டியில் இவ்வளவு, 2019ல் வந்த பாரத் பாண்டு போன்றவற்றில் இவ்வளவு என்று. வாங்கும்போது அன்றைய நிகர மதிப்பையும் சந்தை விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கவும். வியாபாரம் குறைவான இ.டி.எஃப்.களில் இரண்டும் விலகி நிற்கும். செலவையும் பாருங்கள். நுழையும்போதே பிடிக்கும் 2.25 சதவிகிதத்தை 2009 ஆகஸ்டில் செபி நிறுத்தியது; 2013 ஜனவரி முதல் ஏஜெண்டு இல்லாத டைரக்ட் முறை இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இ.டி.எஃப். வேண்டாம் என்று ஒதுங்கியவர்களின் பிள்ளைகள் இன்று கேட்காமலே அதில் இருக்கிறார்கள். பிராவிடண்ட் ஃபண்டு அமைப்பு 2015 ஆகஸ்டு முதல் புதிதாக வரும் பணத்தில் ஒரு பகுதியை இ.டி.எஃப்.களில் போடுகிறது, முதலில் 5 சதவிகிதம், 2017ல் 15. சமீபத்தில் ஒரு பையனின் பி.எஃப். பாஸ்புக்கைப் பார்த்துக்கொடுத்தேன். யூனிட் எத்தனை, அதன் மதிப்பு என்ன என்று அதில் ஒரு வரியும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அறிவிக்கும் வட்டி மட்டும் ஏறியிருந்தது.