இரசத்தில் கலந்த நாடுகள்

தலைநகரில் வாழும் நம் இல்லங்களில் தமிழ் மணம் குன்றாதிருக்கும் இடம் அடுக்களையே. தமக்குள் இந்தியில் உரையாடும் நம் பிள்ளைகளும் உணவு வேளையில் இரசம் கேட்கின்றனர். தமிழர்க்கே உரியது என நாம் பெருமை கொள்ளும் அவ்விரசத்தில் சேரும் பொருள்கள் எங்கெங்கிருந்து வந்தன என்று ஆராய்தல் பயனுடைத்து.

முதற்கண் மிளகு. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியே அதன் தாயகம். பண்டைத் தமிழர் அதனைக் 'கறி' என்றும் வழங்கினர். யவனர் முசிறிக்குப் பொன் கொணர்ந்து மிளகு பெற்றுச் சென்றதை அகநானூறு குறிக்கிறது. எகிப்தின் செங்கடல் துறையாகிய பெரெனிகேயில், இந்தியத் தாழி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகை அகழ்வாய்வாளர் கண்டெடுத்துள்ளனர். கி.பி. 408இல் உரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக் என்பான், முற்றுகையை நீக்கக் கோரிய பொருள்களுள் 3,000 இராத்தல் மிளகும் ஒன்று. கறிவேப்பிலையும் நம் நாட்டுக்கே உரியது.

ஏனையவையோ பிற நாட்டிலிருந்து வந்து குடியேறியவை. புளியின் தாயகம் ஆப்பிரிக்கா. எனினும் அரபியர் அதனை 'இந்தியப் பேரீச்சை' என்றே அழைத்தனர். அத்துணை முற்பட்டு அது இம்மண்ணில் வேரூன்றிவிட்டது! சீரகமும் கொத்துமல்லியும் மத்தியதரைக் கடலையும் மேற்காசியாவையும் சார்ந்தவை. பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தானம் ஆகிய நாடுகளின் செடிப்பால். அச்செடியை இமாசலப் பிரதேசத்து லாகூல் பள்ளத்தாக்கில் பயிரிடும் முயற்சி 2020இல்தான் தொடங்கியது. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தவை. வாஸ்கோட காமா 1498இல் கோழிக்கோட்டை அடைந்த பின்னரே இங்கு வந்தவை.

புதிதாய் வந்த அக்காயின் உறைப்பைக் கண்ட நம் முன்னோர், மிளகின் பெயரையே அதற்கும் ஈந்து 'மிளகாய்' என்றனர். 'காலி மிர்ச்', 'லால் மிர்ச்' என்று இரண்டையும் ஒரு பெயரால் வழங்கும் இந்தியும் இவ்வழியே சென்றது.

இத்தனை நாட்டுப் பொருள்கள் கலந்தும் இரசம் தன் இயல்பு கெடவில்லை. ஆயின் மிளகை விலக்கிவிட்டால் அதன் இயல்பு எஞ்சுமோ? நம் பிள்ளைகளும் பல மொழி பயிலட்டும்; பல சுவை அறியட்டும். கடையில் 'ஹீங்' என்று கேட்டு வாங்கும் பிள்ளை, வீட்டில் அதனைப் 'பெருங்காயம்' என்று சொல்லித் தாயிடம் தரட்டும். அவ்வொரு சொல்லைக் காப்பது நம் கடன்.