பெயரில்லாத போத்தல்: ஊவாத் தோட்டங்களில் கருவும் மருந்தும்

இலங்கையின் இரத்தினபுரிப் பக்கமிருந்து மலையேறி வரும் நெடுஞ்சாலை ஊவாவின் பெரகலவில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலி-எலவை நோக்கிச் செல்ல, மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவின் வறண்ட சமவெளிக்கு இறங்குகிறது. மேலே குளிரும் மார்புச்சளியும், கீழே மலேரியாவும் என்று நோய்களும் இங்கே பிரிந்தே இருந்தன. சரிவுத் தோட்டங்களின் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் வாழ்ந்த கர்ப்பிணிகள் இரண்டுக்கும் மருந்து உண்டவர்கள். அம்மருந்து கருவை என்ன செய்தது என்பதைக் கணக்கெடுக்கும் வழக்கம் இம்மலைகளுக்கு மிகத் தாமதமாகவே வந்தது.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு 30 நாட்கள் உணவும் இருப்பிடமும் அளித்து, அந்நாட்களில் வேலை வாங்காதிருக்க வேண்டும் எனத் துரைமாரைக் கட்டாயப்படுத்தியது. 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. இவை பெரிய உரிமைகளே என்றாலும், இரண்டும் பிரசவத்தையும் அதற்கு முன்பின்னான ஓய்வையுமே கவனித்தன. கருவுற்ற நாளிலிருந்து தாய் உண்ட மருந்தை அல்ல. தோட்ட டிஸ்பென்சரியில் நோயாளி தானே கொண்டுபோன போத்தலில் கலவை மருந்தை ஊற்றி, ஒருவேளை அளவு தெரியும்படி ஓரம் வெட்டிய கடதாசித் துண்டை அதன்மேல் ஒட்டிக் கொடுப்பது அக்கால வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அளவு விளங்கிய நல்ல உத்திதான் அது. ஆனால் உள்ளே இருப்பது என்னவென்று போத்தல் சொல்லவில்லை. பிறப்புப் பதிவேட்டிலோ நாளும் பாலினமும் பெற்றோர் பெயரும் இருந்தனவேயன்றி, தாய் உண்ட மருந்துக்கென ஒரு பத்தியும் இல்லை.

மலேரியாவுக்குக் கொடுத்த கொயினாவே இச்சிக்கலுக்குச் சரியான எடுத்துக்காட்டு. அளவு மிஞ்சினால் அது கருவைக் கலைக்கவும் குழந்தையின் செவிப்புலனைக் கெடுக்கவும் கூடும் என்பதை மருத்துவர் அறிந்திருந்தனர். ஆயினும் மலேரியாவே தாயையும் சிசுவையும் கொல்லும் நோயாதலால், கொயினாவை மறுப்பது தீர்வாகவில்லை. எந்த மருந்து, எவ்வளவு, எந்த மாதத்தில் என்ற மூன்றையும் குறித்துவைப்பதே உதவியிருக்கும்.

கருவைத் தாயின் நஞ்சுக்கொடி ஓர் அரண்போல் காக்கிறது என்ற நம்பிக்கை அப்போது மருத்துவ உலகெங்கும் நிலவியது. கர்ப்பிணிக்கு வந்த ரூபெல்லா அம்மை குழந்தையின் கண்ணில் புரையாகத் தோன்றுவதை 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் காட்டியபோது அந்நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்து, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் வழங்கப்பட்ட தாலிடோமைடு அதை முற்றாகத் தகர்த்தது. கைகால் குறைந்து பிறந்த குழந்தைகள் உலகில் 10,000க்கும் மேற்பட்டோர். 1961 நவம்பரில் ஹாம்பர்க் மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் தாய்மாரை ஒவ்வொருவராக விசாரித்தே காரணத்தை எட்டினார். ஒரே பொருள் நாட்டுக்கொரு வணிகப் பெயரில் விற்கப்பட்டதால், தாம் உண்டது அதுதான் என்பது பல தாய்மாருக்கே தெரிந்திருக்கவில்லை. மருந்தின் உண்மைப் பெயர் தெரியாத இடத்தில் கண்காணிப்பு தொடங்கவே முடியாது.

இலங்கையில் அந்தப் பெயருக்காகப் போராடியவர் ஊவாவின் பிபிலைக் குடும்பத்தில் வந்த மருந்தியல் பேராசிரியர் சேனக்க பிபிலே. மருத்துவரும் அரசியல்வாதியுமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் அவர் தந்த அறிக்கையின் வழியே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. வணிகப் பெயருக்குப் பதிலாகப் பொதுப்பெயரில், அதாவது மருந்துப் பொருளின் சொந்தப் பெயரில், எழுதும் முறை வலுப்பெற்றது. விலை குறைந்ததற்காகவே அவரை நாடு நினைவுகூர்கிறது. எனினும், மருந்தின் விளைவைப் பின்தொடர வழி திறந்ததும் அதே சீர்திருத்தமே. ஆயினும், தோட்டங்கள் 1972, 1975 ஆண்டுகளில் அரசுடைமையாகும்வரை தனியாரின், கம்பனிகளின் கையில் இருந்தன. அவற்றின் மருத்துவமும் நாட்டின் பொது மருத்துவ அமைப்புக்குப் புறம்பாகவே நீண்டகாலம் நின்றது.

கண்காணிப்பு இருவகைப்படும். எதிர்பாராத தீங்கைக் கண்ட மருத்துவர் அறிவிப்பது ஒன்று. இலங்கை 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தகைய திட்டத்தில் சேர்ந்தது. மற்றது பதிவேட்டு முறை: மருந்து உண்ட தாய்மார் அனைவரையும் பதிந்து, நலமாகப் பிறந்த குழந்தைகளையும் சேர்த்து எண்ணுவது. மொத்தம் தெரிந்தால்தான் தீங்கின் விகிதம் தெரியும். சோடியம் வல்ப்ரோயேட் என்னும் வலிப்பு மருந்துக்கும் முதுகெலும்பு மூடாத பிறவிக் குறைக்கும் உள்ள தொடர்பு 1982இல் பிரான்சின் லியோனில் பிறவிக் குறைகளைப் பதிந்த பதிவேட்டிலிருந்தே வெளிப்பட்டது. தாய்மாரையே பதியும் வகையில், வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கான பதிவேட்டைக் கேரளம் 1998இல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது.

இன்று பெரகலச் சரிவுகளில் இப்பணியின் முதற்கண்ணி, லயம் லயமாக ஏறியிறங்கும் குடும்பநல மருத்துவிச்சி. அவர் நிரப்பும் எச் 512 கர்ப்பப் பதிவட்டையின் ஒரு பிரதி தாயிடமும் மற்றது அவரிடமும் இருக்கும். ஆனால் தண்டுவடமாக வளரும் நரம்புக்குழல் கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. மாதவிலக்கு தவறியதை அறிந்து, ஒருநாள் வேலை முடிந்து தோட்டத்துப் பெண் மருத்துவிச்சியிடம் போவதற்குள் அந்நாட்கள் கழிந்துவிடும். அப்போது கேட்கவேண்டிய கேள்வி, முந்திய வாரங்களில் என்ன உண்டாய் என்பதே. மருந்துப் பொட்டலத்தில் வேளையும் எண்ணிக்கையும் மட்டும் குறித்திருந்தால் அவளால் அதற்கு விடை சொல்ல இயலாது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆகவே, ஊவாத் தோட்டத்துப் பெண்ணின் கையில் தரும் ஒவ்வொரு பொட்டலத்திலும் மருந்தின் பொதுப்பெயரைத் தமிழில் எழுதித் தர வேண்டும். அப்பெயர் அவளுடைய பதிவட்டைக்கும் போய்ச் சேர வேண்டும்.