தொட்டிக்குள் அடங்கிய தக்காளி

சென்ற ஆண்டு எங்கள் வாடகை வீட்டின் மொட்டை மாடியில் ஆறு தக்காளிச் செடிகள் ஒரே வாரத்தில் மடிந்தன. செர்ரிப் பழ அளவில் காய்க்கும் குட்டை ரகம். எட்டு வயது மகள் தானே விதை போட்டு வளர்த்தவை. சட்டியின் அடியில் ஓட்டுச் சில்லுகளைக் கனமாகப் பரப்பி, அதன்மேல் வயலிலிருந்து கொண்டுவந்த வண்டல் மண்ணை நிரப்பியவன் நான். காலையும் மாலையும் நீர் ஊற்றியவள் அவள். “ஒரு நாள்கூட நான் தண்ணி ஊத்த மறக்கலையேப்பா, அப்புறம் ஏன் செத்துப் போச்சு?” என்று கேட்டாள். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் அழுகி நாற்றம் அடித்தது. கல்லூரியில் ஆண்டுதோறும் நுண்புழை ஏற்றம் பற்றிப் பாடம் நடத்தும் எனக்கு அவளுக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை.

விடையைத் தேடியபோது இரண்டு வரலாறுகள் கிடைத்தன. ஒன்று, படர்ந்து திரியும் ஒரு காட்டுச் செடி சாண் உயரத்துக்குக் குறுகிய வரலாறு. மற்றொன்று, தொட்டி மண்ணும் வயல் மண்ணும் ஒன்றல்ல என்பதை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு. முன்னதை மட்டும் நம்பித் தொட்டியில் விதைப்பவர்களுக்கு எனக்கு நேர்ந்ததே நேரும். ஆகவே இரண்டையும் காண்போம்.

பழம் பழையது, செடி புதியது

தக்காளியின் காட்டு மூதாதை தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், இன்றைய பெரு, ஈக்வடார் நாடுகளில் வளர்வது. அதன் பழம் ஒரு பட்டாணியைவிடச் சற்றே பெரியது. அங்கிருந்து வடக்கே மெக்சிகோ வரை பரவும் வழியில்தான் பழம் படிப்படியாகப் பருத்தது. அங்கே நாவாட்டில் மொழி பேசியவர்கள் உறைக்குள் காய்க்கும் ஓர் உருண்டைப் பழத்தை ‘டொமாட்டில்’ என்றும், நாம் அறிந்த தக்காளியைச் ‘ஷிட்டொமாட்டில்’ என்றும் வழங்கினர். நம் மொழியிலும் இதே கதைதான். மணத்தக்காளியும், உறைக்குள் காய்க்கும் சொடக்குத் தக்காளியும் நமக்கு முன்பே பழக்கமானவை. கடல் கடந்து வந்த பழத்தை நம் முன்னோர் ‘சீமைத் தக்காளி’ என்றனர். பிறகு ‘சீமை’ உதிர்ந்து, புதியவனே பெயருக்கு உரியவனாகி விட்டான்.

ஸ்பானியர் வழியாக ஐரோப்பா சென்ற தக்காளியை 1544ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி தம் நூலில் குறிப்பிட்டார். செர்ரி வடிவப் பழம் கொத்தாகக் காய்க்கும் வகையும் அடுத்த நூற்றாண்டிலேயே தாவர நூல்களில் இடம்பெற்று விட்டது. சிறு தக்காளி அண்மைக் காலக் கண்டுபிடிப்பு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் சிறு பழமே பழைய வடிவம். சிறு செடிதான் புதியது.

1914: தானே நின்ற செடி

சாதாரணத் தக்காளிச் செடிக்கு ‘போதும்’ என்ற எண்ணமே இல்லை. மூன்று இலை, ஒரு பூங்கொத்து. மீண்டும் மூன்று இலை, ஒரு பூங்கொத்து என்று அது வளர்ந்துகொண்டே போகும். கொம்பு நட்டுக் கட்டாவிட்டால் தரையில் சாய்ந்து படரும்.

1914ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் விசித்திரமான ஒரு செடி காணப்பட்டது. பூங்கொத்துகளுக்கு இடையே இலைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து, இறுதியில் தண்டின் நுனியே பூங்கொத்தாக முடிந்து, செடி தானாக வளர்ச்சியை நிறுத்திக் கொண்டது. யாரும் திட்டமிட்டுச் செய்தது அன்று. இயற்கையில் நேர்ந்த சடுதி மாற்றம். வேறொருவராக இருந்தால் ‘வளராத செடி’ என்று பிடுங்கி எறிந்திருக்கக் கூடும். அதன் விதை காப்பாற்றப்பட்டது நம் நற்பேறு.

இந்தப் பண்பு ஒரே ஒரு மரபணுவால் வருவது என்பதை விளக்கி 1927ஆம் ஆண்டில் கட்டுரை எழுதியவர் ஆல்பர்ட் யேகர். கோடை குறுகியதும் உறைபனி சீக்கிரம் வருவதுமான வடக்கு டக்கோட்டா மாநிலத்தின் வேளாண்மைக் கல்லூரியில் அவர் பணியாற்றினார். அங்கே ஓயாமல் வளரும் செடி பழுப்பதற்குள் பனியில் கருகிவிடும். விரைவில் வளர்ந்து, விரைவில் காய்த்து, விரைவில் முடியும் செடியே அந்த மக்களுக்குத் தேவை. நாம் குறையாகக் கருதியிருக்கக் கூடிய பண்பு அவருக்கு வரமாகத் தெரிந்தது இதனால்தான். பின்னர் அவர் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கிருந்து 1945ஆம் ஆண்டில் ‘டைனி டிம்’ என்னும் ரகம் வெளிவந்தது. முழங்கால் உயரத்தையும் எட்டாத செடி, முக்கால் அங்குலப் பழம். சன்னல் ஓரத் தொட்டியில் தக்காளி என்பது இப்படித்தான் பலருக்கும் எட்டியது.

குட்டைக்குக் காரணம் என்ன?

வளர்ச்சி நிற்பது வேறு, குட்டையாக இருப்பது வேறு. குட்டைத் தன்மைக்கு மற்றொரு மூலம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சு நாட்டில் லே என்னும் மாளிகைத் தோட்டத்தில் தடித்த தண்டுடன் நிமிர்ந்து நிற்கும் ஒரு தக்காளி தோன்றியது. புகழ்பெற்ற வில்மோரன் விதை நிறுவனம் அதைப் பரப்பியது. கரும்பச்சை நிறத்தில் சுருங்கிய இலை, நெருங்கிய கணுக்கள் ஆகியவை இவ்வகைச் செடியின் அடையாளங்கள்.

இதன் காரணம் விளங்க நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முதல் தடயம் கிடைத்தது தக்காளியில் அன்று. கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் செடியின் மகரந்தத்தில். அமெரிக்க ஆய்வாளர்கள் தேனீக்கள் சேகரித்த 227 கிலோகிராம் மகரந்தத்திலிருந்து 4 மில்லிகிராம் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அணுக்களின் அமைப்பைக் கண்டு 1979ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இதுவே பிராசினோலைடு என்னும் வளர்ச்சி ஹார்மோன். செல்கள் நீளுவதற்கு இது வேண்டும்.

குட்டைத் தக்காளியின் மரபணு 1996ஆம் ஆண்டில் பிரித்தறியப்பட்டது. இந்த ஹார்மோன் உருவாகும் தொடர்ச்சியில் ஒரு படியை நடத்தும் நொதியை அந்த மரபணுவே தருகிறது என்பது 1999ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. மரபணு பழுதானால் நொதி இல்லை, நொதி இல்லையேல் ஹார்மோன் இல்லை, செல்கள் நீளுவதில்லை. அப்படியானால் பழமும் கெட வேண்டுமே? கெடுவதில்லை. பழத்தில் மட்டும் அதே வேலையைச் செய்யும் மற்றொரு மரபணு இருப்பது 2005ஆம் ஆண்டில் தெரிய வந்தது. தண்டு குறுகியும் பழம் குறைபடாமல் இருப்பதன் இரகசியம் இதுவே.

மேற்சொன்ன இரு மாற்றங்களும் ஒரே செடியில் சேர்ந்தபோது கிடைத்தது ‘மைக்ரோ-டாம்’. புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட், ஹார்பா ஆகிய இருவரும் 1989ஆம் ஆண்டில் வீட்டுத் தொட்டிகளுக்கென அதை வெளியிட்டனர். உயரம் சுமார் 15 முதல் 20 செ.மீ.; விதைத்த 70 முதல் 90 நாட்களில் பழம். அழகுக்காக உருவான இச்செடியை 1997ஆம் ஆண்டில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் ஆய்வகச் செடியாகவே அறிமுகப்படுத்தினர். ஒரு சதுர மீட்டரில் 1,357 செடிகள் வரை வளர்க்க முடிந்தது! சன்னல் ஓரத்துச் செடி விஞ்ஞானிகளின் மேசைக்கு ஏறிய கதை இது.

தொட்டி என்னும் தனி உலகம்

இனி என் மகளின் கேள்விக்கு வருவோம். செடி தொட்டிக்கு ஏற்றதுதான். பின் ஏன் மடிந்தது?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பாத்திரம் துலக்கும் செவ்வக வடிவ ஸ்பாஞ்சை நீரில் நனைத்து, படுக்கை வசமாகப் பிடியுங்கள். நீர் சொட்டி நின்றுவிடும். இப்போது அதே ஸ்பாஞ்சை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மீண்டும் நீர் சொட்டும்! ஸ்பாஞ்சும் நீரும் மாறவில்லை. உயரம் மட்டுமே மாறியது.

நுண்துளைகள் புவியீர்ப்பை எதிர்த்து நீரைத் தாங்கும் உயரம் துளையின் அளவைப் பொறுத்தது. 1718ஆம் ஆண்டில் ஜூரின் கண்ட இவ்விதியை மேல்நிலைப் பள்ளி மாணவர்களும் அறிவர். துளையின் ஆரம் அரை மில்லிமீட்டரானால் நீர் சுமார் 3 செ.மீ. உயரம் நிற்கும். பத்தில் ஒரு மில்லிமீட்டரானால் சுமார் 15 செ.மீ. நிற்கும். வயலில் இதனால் தீங்கில்லை. நிலத்தடி நீர்மட்டம் பல அடி ஆழத்தில் இருப்பதால், மேல் மண்ணின் அதிகப்படி நீர் கீழே இறங்கிவிடும். தொட்டியிலோ மண் அடியோடு முடிகிறது. வண்டல் மண்ணின் துளைகள் மிக நுண்ணியவை. என் சட்டியின் உயரமோ 15 செ.மீ. மட்டுமே. அடி முதல் நுனி வரை நீர் நிறைந்து, வேருக்குக் காற்றே கிடைக்கவில்லை. குழந்தை தவறாமல் ஊற்றிய நீரே செடியை மூச்சுத் திணற வைத்தது.

அப்படியானால் வடிகாலுக்கென நான் பரப்பிய சில்லுகள்? இந்த மண் நீரியலுக்கு அடித்தளமிட்டவர் எட்கர் பக்கிங்காம் என்னும் இயற்பியலார். பரிமாணப் பகுப்பாய்வில் வரும் ‘பை’ தேற்றத்தின் மூலம் நம் மாணவர்கள் அறிந்த அதே பக்கிங்காம்தான். அமெரிக்க வேளாண்மைத் துறையில் பணியாற்றிய அவர், மின்சாரமும் வெப்பமும் போலவே மண்ணில் நீரும் ஆற்றல் நிலை வேறுபாட்டால் பாய்கிறது என்று 1907ஆம் ஆண்டில் காட்டினார். 1931ஆம் ஆண்டில் ரிச்சர்ட்ஸ் அதை முழுச் சமன்பாடாக்கினார். நுண்துளை கொண்ட மண் நீரை இறுகப் பற்றுகிறது. பெருந்துளை கொண்ட சில்லு அடுக்கு அதை இழுப்பதில்லை. மேல் மண்ணின் அடிப்பகுதி முற்றிலும் நிறைந்த பின்னரே நீர் சில்லுக்குள் இறங்கும். ஆகவே சில்லு அடுக்கு ஈர மண்டலத்தைக் குறைக்கவில்லை; அதை மேலே தூக்கி வேருக்கு அருகில் வைத்தது. நல்லது செய்வதாக எண்ணி நான் செய்த தீமை இது.

மண்ணுக்கு ஒரு சூத்திரம்

தீர்வு அடுக்கில் இல்லை, கலவையில் இருக்கிறது. இலண்டனுக்கு அருகே மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையம் மரபியல் ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்றது. 1930களில் அங்கே தொட்டி நாற்றுகள் பெருமளவில் மடிந்து ஆராய்ச்சியே தடைப்பட்டது. அக்காலத் தோட்டக்காரர்கள் செடிக்கொரு மண் கலவை வைத்திருந்தனர். லாரன்ஸ், நியூவெல் என்னும் இருவர் பல ஆண்டுகள் சோதித்து, நீராவியால் தூய்மை செய்த வளமண் 7 பங்கு, சதுப்பு நிலத்து மட்கான பீட் 3 பங்கு, பருமணல் 2 பங்கு என்ற ஒரே கலவை ஏறத்தாழ எல்லாச் செடிகளுக்கும் போதும் என நிறுவினர். 1939ஆம் ஆண்டில் அது நூலாக வெளிவந்தது. சூத்திரத்தை அவர்கள் மறைக்கவில்லை, எவரும் செய்துகொள்ளலாம். பீட் நம் நாட்டில் அரிது. அதன் இடத்தைத் தென்னை நார்க் கழிவு நிரப்புகிறது. பொள்ளாச்சியிலிருந்து அது அயல்நாடுகளுக்கும் கப்பலேறுகிறது.

மண்ணே இல்லாத இடத்திலும்

இரு வரலாறுகளும் சந்தித்த இடங்களுள் ஒன்று விண்வெளி நிலையம். 2022ஆம் ஆண்டு இறுதியில் ‘ரெட் ராபின்’ என்னும் குட்டைத் தக்காளி விதைகள் அங்கு அனுப்பப்பட்டன. எடையின்மையில் நீர் கீழே இறங்காது. நுண்புழை விசையின் ஆட்சியே நடக்கும். என் சட்டியின் தொல்லை அங்கே பன்மடங்கு. அறுவடையின்போது பிராங்க் ரூபியோ என்ற விண்வெளி வீரர் ஒரு தக்காளியைத் தொலைத்து விட்டார். தின்றுவிட்டதாக நண்பர்கள் கேலி செய்தனர். 2023ஆம் ஆண்டு டிசம்பரில், அவர் பூமிக்குத் திரும்பிய பின், அது உலர்ந்த நிலையில் அகப்பட்டது.

புரட்டாசியில் நாங்கள் மீண்டும் விதைத்தோம். இம்முறை 20 செ.மீ. ஆழத் தொட்டி, அடியில் மூன்று துளை, துளையை மூட ஒவ்வொரு சில்லு, அவ்வளவே. செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, பருமணலும் மட்கிய சாண எருவும் அரைப் பங்கு. விதையை அரை செ.மீ. ஆழத்தில் இட்டோம்; ஆறாம் நாள் முளைத்தது. நான்கு இலை விட்டதும் தொட்டிக்கொரு நாற்றாக மாற்றினோம். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, மேல் மண் காய்ந்தால் மட்டுமே நீர். பூத்ததும் காம்பை மெல்லத் தட்டிவிட்டோம்; அந்த அதிர்வில் மகரந்தம் அதே பூவில் விழும். இரவு வெப்பம் மிகுந்தால் பூ உதிரும் என்பதால் கோடையைத் தவிர்த்தோம்.

மார்கழியில் முதல் பழம் சிவந்தது. மகள் அதைத் தின்னவில்லை. விதைக்கென எடுத்து வைத்தாள். எங்கள் ரகம் கலப்பினம் அன்று. தன் மகரந்தத்தாலேயே கருவுறும் தூய வழி. ஆகவே அவ்விதை தாயைப் போலவே குட்டையாக வளரும். கலப்பின விதை வாங்குவோர் இதை எதிர்பார்க்க முடியாது. பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.