ஏரியும் குறிப்பேடும்

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின், ஓர் ஏரிக்கும் அதில் வந்து தங்கும் பறவைகளுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றை ஆக்கியோர் பெரும்பாலும் பெயர் அறியப்படாத ஊர்மக்களே என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

முதற்சான்று செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள வேடந்தாங்கல். ஏறத்தாழ 74 ஏக்கர் பரப்புடைய சிற்றேரி அது. அங்கே பறவைகளைச் சுட வந்தோரை ஊரார் தடுத்தனர். அதற்குக் காரணம் இரக்கம் மட்டுமன்று, உழவறிவும் ஆகும். நாரைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு நல்லுரம் என்பதை அவர்கள் கண்டறிந்திருந்தனர். அவர்தம் காவல் உரிமையை 1798ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டர் ஏற்றுக்கொண்டார். 1858இல் அது மீண்டும் உறுதி செய்யப்பெற்றது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ 1972இல்தான் வந்தது. சட்டத்திற்கு முன்னரே ஊர் காவல் செய்தது!

இனி நம் கொங்கு நாட்டிற்கு வருவோம். சோமனூரிலிருந்து கிழக்கு நோக்கி இரயிலேறினால் திருப்பூரை அடையலாம். அந்நகரின் வடகிழக்கே, ஊத்துக்குளி வட்டத்தில், நல்லாற்று நீரைப் பெறும் நஞ்சராயன் குளம் உள்ளது. பல நூற்றாண்டுகளுக்கு முன் அதனைச் செப்பனிட்ட மன்னனின் பெயரே குளத்திற்கு நிலைத்தது.

நெசவும் பின்னலாடையும் நம் மக்களுக்குச் சோறிட்டன. ஆயின், சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்தது. 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிடும் அளவுக்கு நிலை முற்றியது. அத்தகைய தொழில்நகரின் அருகில், சுமார் 125 ஹெக்டேர் பரப்புடைய ஒரு குளத்தில் 191 வகைப் பறவைகள் பதிவாகியிருத்தல் வியப்பன்றோ? 2022இல் அது தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாயிற்று. 2024இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாயிற்று.

ஒரு குளத்தில் இன்னின்ன பறவைகள் உண்டு என்பதை எவ்வாறு அறிவது? கரையில் நின்று எண்ணித்தான் அறிதல் வேண்டும். வடபுலத்துக் கடுங்குளிருக்கு அஞ்சி ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் தென்னாட்டை நாடும் காலம் மார்கழியும் தையும் ஆகும். ஆதலின், 1987 முதல் ஆண்டுதோறும் சனவரித் திங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது.

மாணவர்களும் ஆசிரியருடன் குழுவாகச் சென்று இதனைப் பழகலாம். விடியற்காலையில், கதிரவன் முதுகுப்புறம் இருக்குமாறு நில்லுங்கள். பெருங்கூட்டமாயின், முதலிற் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தை அளவாகக் கொண்டு, கூட்டம் முழுவதையும் கணக்கிடுங்கள். ஒருவர் எண்ண, மற்றொருவர் நாளும் நேரமும் தொகையும் எழுதுக. பறவைகளை எழுப்பிப் பறக்கவிட்டுப் பார்த்தல் தகாது. நெடுந்தூரம் வந்தவற்றிற்கு இரையும் ஓய்வும் வேண்டும்.

வேடந்தாங்கல் ஊராரின் உரிமை எழுத்தில் ஏறியமையால் நிலைத்தது. உங்கள் குறிப்பேடும் அத்தகைய எழுத்தே. பின்னொரு நாள், “இக்குளத்தில் பறவைகள் என்றுமே இருந்ததில்லை” என ஒருவர் வாதிடின், அவருக்கு அவ்வேடு விடை கூறும்.