போனட்டைத் திறக்கத் தெரிந்த பெண்: டோரதி லெவிட்

கார் ஓட்டும் பெண்கள் கைப்பிடி வைத்த சின்ன முகக்கண்ணாடி ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க அவ்வப்போது அதைத் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று 1909இல் லண்டனில் வெளியான ஒரு புத்தகம் சொல்கிறது. அன்றைக்குக் கார்களில் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி பொருத்தும் வழக்கமே கிடையாது. இரண்டு வருஷம் கழித்து, 1911இல், முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ரே ஹாரூன் தன் காரில் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்டி ஜெயித்தது பெரிய செய்தியானது.

புத்தகத்தின் பெயர் 'தி வுமன் அண்ட் தி கார்'. எழுதியவர் டோரதி லெவிட். இணையத்தில் இவரைப் பற்றித் தேடினால் பெரும்பாலும் இந்தக் கண்ணாடிக் கதைதான் வரும். கதை சரிதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் அந்தப் பெண் சொல்ல வந்த பெரிய விஷயம் தவறிப் போகிறது. அதைப் புரிந்துகொள்ள, அந்தக் காலத்தில் கார் வைத்திருப்பது என்றால் என்ன என்பதை முதலில் பார்க்கணும்.

1900களின் தொடக்கத்தில் கார் வாங்கும் அளவுக்குப் பணம் இருந்தவர்களில் பலர் அதைத் தாங்களே ஓட்டவில்லை. சம்பளத்துக்கு ஒருவரை வைத்தார்கள். 'ஷோஃபர்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு, நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட்டுச் சூடாக்குபவர் என்று பொருள். அவர்தான் ஓட்டுநர், அவரே மெக்கானிக், கிளீனரும் அவரே. வண்டி நடுவழியில் நின்றால் ஏன் நின்றது என்று அவருக்குத்தான் தெரியும். அவர் என்ன சொன்னாலும் முதலாளி தலையாட்ட வேண்டியதுதான். கார் என் பெயரில் இருக்கிறது, ஆனால் அது நகருமா நகராதா என்பது இன்னொருவர் கையில். ஆண்களுக்கே இந்த நிலை என்றால், எஞ்சின் உங்களுக்குப் புரியாத சமாச்சாரம் என்று சொல்லியே வளர்க்கப்பட்ட பெண்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

டோரதி 1882இல் லண்டனின் ஹாக்னி பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பப் பெயர் லீவை. பிறகு அது லெவிட் ஆனது. நேப்பியர் கார் கம்பெனியில் செயலாளராக வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கம்பெனியின் கார்களை விற்றுக்கொண்டிருந்தவர் செல்வின் எட்ஜ். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், 1902இல் கார்டன் பென்னட் கோப்பையை ஜெயித்த பந்தய ஓட்டுநர், விளம்பரக் கலையில் கெட்டிக்காரர். பிரான்ஸில் கமீய் தியு காஸ்ட் என்ற பெண் 1901லேயே பாரிஸ்–பெர்லின் பந்தயத்தில் ஓட்டி எல்லோரையும் பேச வைத்திருந்தார். இங்கிலாந்திலும் ஒரு பெண்ணை ஓட்ட வைத்தால் நேப்பியர் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வரும் என்று எட்ஜ் கணக்குப் போட்டார். அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த டோரதியைத் தேர்ந்தெடுத்தார். ஓட்டக் கற்றுக்கொடுத்ததோடு, காரின் உள் விவகாரங்களைப் படிக்கப் பாரிஸுக்கும் அனுப்பினார்கள்.

இதை மறைக்க வேண்டியதில்லை. டோரதியின் தொடக்கம் ஒரு விளம்பர உத்திதான். ஒல்லியான ஒரு பெண்ணே இதை ஓட்டுகிறாள், நீங்கள் ஓட்ட முடியாதா என்று ஆண் வாடிக்கையாளரைச் சீண்டுவதுதான் அந்த உத்தியின் உள்குத்து. ஆனால் ஒருத்தரை விளம்பரப் பலகையாக நிறுத்துகிறவர்கள், அந்தப் பலகை எதையாவது கற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பதில்லை. இங்கே அது நடந்தது.

1903இல் டோரதி பந்தயங்களில் இறங்கினார். அதே வருஷம் லண்டன் ஹைட் பார்க்கில் அதிவேகமாக ஓட்டியதாக வழக்கும் வந்தது. பிடித்த போலீஸ்காரர்களை அவர் திட்டிய திட்டு, நீதிமன்றத்தில் சாட்சியமாகச் சொல்லப்பட்டுப் பத்திரிகை வரை போனது. போலீஸ்காரர்கள் எல்லோர் மேலும் வண்டியை ஏற்றினால் தேவலை என்ற அர்த்தத்தில் பேசினாராம்! அபராதம் 5 பவுண்டு. தனக்காக எதிர்த்து நிற்பது என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த மாதிரி காட்சிதான். சத்தம் பெரிசு, பலன் ஒன்றுமில்லை, அபராதம்தான் மிச்சம். டோரதியின் பிற்காலம் இதைவிடச் சாமர்த்தியமானது.

1904 செப்டம்பரில் ஹெரிஃபோர்டில் சிறிய கார்களுக்கான 1000 மைல் சோதனை ஓட்டம் நடந்தது. டோரதி 8 குதிரைசக்தி டி டியான் பூத்தோன் காரில் கலந்துகொண்டார், பழுது பார்க்கும் வேலையையும் தானே செய்துகொண்டு. அவரோடு எப்போதும் டோடோ என்ற கருப்புப் பொமரேனியன் நாய்க்குட்டி பயணம் செய்யும். சக போட்டியாளர்கள் கேலி செய்வதற்காகத் தங்கள் கார்களின் போனட் மேல் பொம்மை நாய்களை மாட்டிக்கொண்டு வந்தார்கள். டோரதி கோபப்படவில்லை. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பை நாய் பிஸ்கட் அனுப்பி வைத்தார். ஹைட் பார்க்கில் கத்திய பெண்தானா இவர் என்று தோன்றும். கடைசி நாளில் வண்டி பழுதாகிப் பதக்கம் கைநழுவியது. ஆனாலும் வண்டியை அவரேதான் பார்த்துக்கொண்டார் என்பதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

1905 மார்ச்சில் அதே ரக சின்னக் காரில் லண்டனிலிருந்து லிவர்பூலுக்குப் போய்த் திரும்பினார். இரண்டு நாளில் மொத்தம் 411 மைல், அதாவது சுமார் 660 கிலோமீட்டர். கூட மெக்கானிக் கிடையாது. மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி, டோடோ, ஒரு கைத்துப்பாக்கி, அவ்வளவுதான். ஜூலையில் பிரைட்டன் வேகப் போட்டியில் 80 குதிரைசக்தி நேப்பியரில் மணிக்கு 79.75 மைல் தொட்டார். 1906இல் பிளாக்பூலில் 90.88 மைல், அதாவது சுமார் 146 கிலோமீட்டர் வேகம். பெண்களில் அதுவரை யாரும் தொடாத வேகம். அந்த ஓட்டத்தில் போனட்டின் முன்பகுதி கழன்றுகொண்டது. சமயத்தில் நிறுத்தாமல் இருந்திருந்தால் தலையே போயிருக்கும் என்று தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இத்தனைக்கும் அப்புறம் 1907 வருகிறது. வேபிரிட்ஜ் அருகே ஹியூ லாக் கிங் தன் சொந்த நிலத்தில் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தைக் கட்டினார். கார் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் தடம். திறந்த சில நாட்களிலேயே எட்ஜ் அங்கே 24 மணி நேரம் தொடர்ந்து நேப்பியர் ஓட்டி, மணிக்குச் சராசரி 65.9 மைல் வேகத்தில் சாதனை செய்தார். அதே நேப்பியர் கம்பெனிக்காக வேகச் சாதனை செய்த டோரதி, பந்தயத்தில் சேர விண்ணப்பித்தபோது கிடைத்த பதில்: பெண் ஓட்டுநர்களுக்கு அனுமதி இல்லை. அந்தத் தடம் தன் ஒழுங்குமுறைகளைக் குதிரைப் பந்தயத்திலிருந்து கடன் வாங்கியிருந்தது. ஆரம்பத்தில் ஓட்டுநர்களை அடையாளம் காண்பதுகூட ஜாக்கிகள் போல உடை நிறத்தை வைத்துத்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், திறப்பு விழா ஊர்வலத்தில் காரோட்டி முன்னால் சென்றவர் உரிமையாளரின் மனைவி எத்தல் லாக் கிங். ஊர்வலத்தில் பெண் ஓட்டலாம், பந்தயத்தில்தான் கூடாது. 1908 ஜூலையில் பெண்களுக்கென்று தனியாக ஒரு போட்டி வைத்தார்கள். மியூரியல் தாம்சன் ஜெயித்தார். ஆண்களோடு போட்டியிடும் கதவு மட்டும் திறக்கவில்லை.

டோரதி 1907இல் ஜெர்மனிக்குப் போய் ஹெர்கோமர் கோப்பைப் போட்டியில் ஓட்டினார். இங்கே விடாவிட்டால் அங்கே. ஆனால் இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்கணும். அவருடைய வேகச் சாதனைகள் எல்லாமே யாரோ ஒருவரின் அனுமதியில் தொங்கிக்கொண்டிருந்தவை. 80 குதிரைசக்தி நேப்பியர் அவருடையதில்லை, கம்பெனியுடையது. தடம் லாக் கிங்குடையது. 1903இல் அயர்லாந்தில் நடந்த ஹார்ம்ஸ்வொர்த் மோட்டார் படகுப் போட்டியில் ஜெயித்த நேப்பியர் படகில் டோரதி இருந்தார். கோப்பையில் பொறித்த பெயரோ படகின் உரிமையாளரான எட்ஜுடையது. ஓட்டியவர் யார் என்பதைவிட உரிமையாளர் யார் என்பதைத்தான் அன்றைய பதிவேடுகள் பெரிதாக எடுத்துக்கொண்டன.

யாராலும் திரும்ப வாங்க முடியாத ஒன்று அவரிடம் இருந்தது. அது எஞ்சினைப் பற்றிய அறிவு. 1909 புத்தகத்தில் அவர் கொடுத்தது அதைத்தான். கூட்டத்தில் பேசி அனுமதி கேட்கும் தொனி அதில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் அக்காவின் தொனி.

கார்களைப் பற்றி அவருக்குத் திட்டவட்டமான கருத்துகள் இருந்தன. 80 குதிரைசக்தி அரக்கனை ஓட்டியவர், தனியாக ஓட்டப் போகும் பெண்ணுக்குச் சிபாரிசு செய்தது ஒற்றை சிலிண்டர் கொண்ட சின்னக் காரை. காரணம் எளிது. பாகங்கள் குறைவு, நின்றுபோனால் எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது சுலபம். நாம் கட்டி மேய்க்கக்கூடிய வண்டியே நமக்கு நல்ல வண்டி என்பதுதான் அவர் கட்சி.

அதற்கப்புறம் உடை. லேஸ், படபடக்கும் அலங்காரம் எல்லாம் வேண்டாம், திறந்த காரில் தூசியும் காற்றும் தாங்கும் உடைதான் உதவும் என்கிறார். இருக்கைக்கு அடியில் உள்ள சின்ன இழுப்பறையில் கையுறை, கைக்குட்டை, கண்ணாடி, கொஞ்சம் சாக்லேட். தனியாகப் போகிறவர்கள் சின்னத் துப்பாக்கி வைத்துக்கொள்வது நல்லது என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

பிறகுதான் உண்மையான பாடம். பெட்ரோல் எப்படிக் கார்புரேட்டருக்குப் போகிறது, பொறி எங்கே உண்டாகிறது, கிளட்ச் என்ன செய்கிறது, கிளம்புவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்வதைப் பற்றி ஒரு குறிப்பு: கைப்பிடியை மேல்நோக்கி இழுக்கணும், கீழ்நோக்கி அழுத்தக் கூடாது. நம்ம ஊரில் பழைய லாரிக்கு ஹேண்டில் போட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். எஞ்சின் முன்கூட்டியே வெடித்தால் கைப்பிடி எதிர்த்திசையில் உதைக்கும். மேல்நோக்கி இழுக்கும்போது உதைத்தால் கைப்பிடி விரல்களிலிருந்து விடுபட்டுப் போய்விடும். கீழே அழுத்தும்போது உதைத்தால் மணிக்கட்டு போச்சு. ஓட்டிப் பழகியவர்தான் இப்படி ஒரு வரி எழுத முடியும்.

இந்தப் பின்னணியில் அந்தக் கைக்கண்ணாடியைப் பார்த்தால் அதன் அர்த்தம் வேறு. பின்னால் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இல்லாத போது, பார்க்க வேண்டியதும் நீங்கள்தான். அலங்காரத்துக்கென்று பெண்கள் வைத்திருந்த பொருளையே அவர் ஓட்டுநரின் கருவியாக மாற்றிக் கொடுத்தார். புத்தகம் முழுவதும் இதே மாதிரிதான். என்னென்ன காரணங்களுக்காக இன்னொருவரை நம்பியிருக்க வேண்டியிருக்கிறதோ, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அவிழ்க்கிறார்.

இதற்கும் எல்லை உண்டு. கார் வாங்க வசதி இருந்த பெண்களுக்கான புத்தகம்தான் இது. டோரதியே அந்தச் சொகுசு வர்க்கத்தில் பிறந்தவர் இல்லை. பிழைப்புக்காக வேலைக்கு வந்தவர். ஓட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு மட்டும் இல்லை, சம்பளமும்கூட. அதனால்தான் அவர் எழுத்தில் ஆவேசம் குறைவு, பயன் அதிகம் என்று எனக்குப் படுகிறது. வேலையில் நிலைத்து நிற்கணும்னா வாய்ச்சவடால் போதாது, வேலை தெரிஞ்சிருக்கணும்.

1910வாக்கில் விமானம் ஓட்டக் கற்கவும் முயன்றார். அதற்குப் பிறகு பொதுவெளியில் அவர் பெயர் மறைந்துவிடுகிறது. 1922 மே மாதம் லண்டன் அப்பர் பேக்கர் தெருவில் தன் படுக்கையில் இறந்து கிடந்தார். வயது 40. இதய நோயும் அம்மையும் இருந்த நேரத்தில் மார்ஃபின் அளவு மீறியதால் நேர்ந்த மரணம், விபத்து என்று விசாரணை முடிந்தது. விட்டுச்சென்ற சொத்து 224 பவுண்டு.

சோகமான முடிவுதான். ஆனால் வேகச் சாதனை எப்படியும் முறியடிக்கப்படும், கம்பெனி ஆளை மாற்றும், பதிவேடு உரிமையாளரின் பெயரைத்தான் எழுதும். போனட்டைத் திறந்து, இது இதனால் ஓடுகிறது என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுத்ததை எப்படிப் பறிக்க முடியும்? இன்றைக்கும் வண்டியை சர்வீஸுக்கு விட்டால், பில்லில் இருக்கும் நாலு வரிக்கு அர்த்தம் கேட்கத் தெரிந்தவரிடம் பேசும் குரலே வேறாக இருக்கிறது. கேட்பவர் பெண் என்றால் அந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். டோரதி லெவிட் 1909லேயே சொன்னது இதைத்தான்: முதலில் வண்டியைத் தெரிஞ்சுக்கோங்க, மரியாதை பின்னாலேயே வரும்.