முள்வேலி இல்லாத சிறை

ஜப்பானியரிடம் சிக்கிய பெண்களைப் பற்றிய மலாயா நாவல் என்றதும் உலக வாசகர்களுக்கு நினைவில் வருவது நெவில் ஷூட்டின் ‘எ டவுன் லைக் ஆலிஸ்’. 1950இல் வந்தது. ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் எந்த முகாமிலும் சேர்க்கப்படாமல் மலாயாவில் ஊர் ஊராக நடத்தப்படுகிறார்கள். பலர் வழியிலேயே சாகிறார்கள். ஆனால் மலாயாவில் அப்படியொரு நடை நடக்கவே இல்லை. சுமத்ராவில் சிறைப்பட்டிருந்த ஒரு டச்சுப் பெண்மணியிடம் கேட்ட கதையை இங்கே கொண்டுவந்ததாக ஷூட்டே நாவலில் குறிப்பு எழுதியிருக்கிறார். அந்தப் பெண்களும் முகாம் விட்டு முகாம் மாற்றப்பட்டவர்கள்தாம், அப்படி நடந்தவர்கள் அல்லர். ஷூட் தவறாகப் புரிந்துகொண்டார் என்பது பின்னால்தான் தெரியவந்தது.

நாவலாசிரியர் ஊரை மாற்றலாம், நடக்காததை நடத்தலாம். அதில் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. அதே காலத்தில் பேராக்கில் உண்மையாகவே நடந்ததில் எது எழுத்துக்கு வந்தது, எது வராமல் போனது என்பதுதான் என் கேள்வி.

வந்தது சிபில் கார்த்திகேசுவின் கதை. 1899இல் மேடானில் பிறந்த யுரேசியப் பெண், தாதி. கணவர் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசு, தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழர். ஈப்போ புரூஸ்டர் சாலையில் இருவரும் கிளினிக் நடத்தினார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் நெருங்கியதும் குடும்பம் பாப்பான் என்ற ஈயச் சுரங்கச் சிற்றூருக்குப் போனது. அங்கே இரவில் காட்டிலிருந்து வரும் கொரில்லாக்களுக்கு சிபில் ரகசியமாக வைத்தியம் பார்த்தார். ஒளித்து வைத்த வானொலியில் பி.பி.சி. கேட்டுச் செய்தி பரப்பினார். அந்த வானொலிக்கு வைத்த பெயர் ஜோசஃபின்.

1943இல் பிடிபட்டார். ராணுவப் போலீசான கெம்பெத்தாய், கொரில்லாக்களின் விவரம் கேட்டு அவரைச் சித்திரவதை செய்தது. முதுகெலும்பு முறிந்தது. அவர் சின்ன மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினார்கள். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. குழந்தை பிழைத்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது பத்துகாஜா சிறையிலிருந்து வெளியே வந்தவரால் நடக்க முடியவில்லை. சிகிச்சைக்காக பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டு, அங்கே இருந்த காலத்தில் தன் நினைவுகளை எழுதினார். ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948 ஜூன் 12இல் ஸ்காட்லாந்தில் இறந்தார். ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற அவர் நூல் 1954இல்தான் அச்சானது.

‘உயிர் தப்பியவர்’ என்ற சொல்லை இவருக்குப் போடும்போது எனக்குக் கை தயங்குகிறது. சிறையிலிருந்து மூன்று வருஷம் தள்ளி வந்த சாவும் அந்தச் சிறையின் சாவுதான்.

அவர் இறந்து நான்கே நாளில், ஜூன் 16ஆம் தேதி, அதே பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டார்கள். அவசரகாலம் தொடங்கியது. அவர் காயத்துக்கு மருந்து கட்டிய கொரில்லாக்களின் இயக்கமே ஒரே வாரத்தில் அரசின் எதிரி ஆனது. சரித்திர நாவல் எழுத வருகிறவர்கள் இந்தச் சிக்கலை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் வீராங்கனைப் படம்.

இனி, எழுத்துக்கு வராதது. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கும் அதிகமான தொழிலாளர்களை ஜப்பானியர் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குக் கேட்டார்கள். சில குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளோடு போயின. பெரும்பாலும் ஆண்கள் போனார்கள், பெண்கள் லயத்தில் மிஞ்சினார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை. அரிசி இல்லை. துணி கிடைக்காமல் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டார்கள். போனவன் இருக்கிறானா செத்தானா என்று சொல்ல ஒரு கடிதாசி கிடையாது.

தோட்டத்துப் பாட்டிகளிடம் ஜப்பான்காரன் காலம் பற்றி நான் கேட்டபோதெல்லாம் பேச்சு மரவள்ளிக்கிழங்கில்தான் தொடங்கும். “கெழங்கத் தின்னு தின்னு நாக்கே செத்துப் போச்சுய்யா.” புருஷன், பயம், இரவு எல்லாம் மெதுவாகத்தான் வரும். சிலரிடம் வராது.

இந்தப் பெண்களைச் சுற்றி முள்வேலி இல்லை. அதனால் யாரும் இதைச் சிறை என்று கணக்கில் எடுக்கவில்லை. சிபிலிடம் எதிரிக்கு வேண்டிய ரகசியம் இருந்தது. விசாரித்தார்கள், சித்திரவதை செய்தார்கள். போர் முடிந்ததும் சித்திரவதை செய்தவன்மீது ஈப்போவில் வழக்கு நடந்தது. அவருக்குப் பதக்கமும் புத்தகமும் வந்தன. லயத்துப் பெண்ணிடம் ஜப்பான்காரன் எதையும் விசாரிக்கவில்லை. போருக்குப் பிறகு நாமும் விசாரிக்கவில்லை. ஆவணம் இல்லாமல் போனதற்குக் காரணம் அவ்வளவுதான்.

தோட்டத்தை விட்டுத் துப்பாக்கி ஏந்தப் போன பெண்களும் உண்டு. 1943இல் உருவான ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் ஏராளம். ஆனால் நமக்குப் பெயராகத் தெரிகிறவர்கள் ஈப்போவில் பிறந்த ராசம்மா பூபாலன், ஜானகி ஆதி நாகப்பன் போலப் படித்த வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் தகுதியில் குறைவில்லை. பக்கத்தில் நின்ற பால்வெட்டுக்காரியின் பெயர்தான் கிடைக்கவில்லை.

மலேசியத் தமிழ் நாவல் சும்மா இருக்கவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இரண்டும் வேறு யாரும் எழுதாததை எழுதின. இரண்டும் ரயில் போன திசையில் போனவை. முதலில் அதைத்தான் எழுதியாக வேண்டியிருந்தது. மிச்சமிருப்பது லயத்து வாசலில் நின்றவளின் நாவல். அதற்குப் பெரிய சம்பவம் தேவையில்லை. ஒரு கிழங்கை எத்தனை பங்காக வெட்டினாள், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் யார் வீட்டுக் கதவைத் தட்டினாள், வந்த உதவிக்கு என்ன விலை கொடுத்தாள் என்று கேட்டாலே போதும்.

1945க்குப் பிறகு துரைமார் திரும்பி வந்தார்கள். பெரட்டு மறுபடி கூடியது. பெயர் கூப்பிட்டபோது பதில் வராத இடங்கள் இருந்தன. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு தன் நிரைக்குப் போனாள்.