கலை ஆசிரியர் பயிற்சி

கலை ஆசிரியர் பயிற்சி என்பது ஓவியம், சிற்பம், வடிவமைப்பு ஆகியவற்றைத் தொழிலாகக் கற்றவர்களைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அவற்றைக் கற்பிப்பவர்களாகவும், அத்துறைகளில் ஆய்வு செய்பவர்களாகவும் உருவாக்கும் கல்விமுறையாகும். பட்டறையில் மூத்த கைவினைஞரிடம் ஆண்டுக்கணக்கில் தங்கித் தொழில் பழகும் வழக்கம் பல நாடுகளில் மிகப் பழமையானது. எனினும் அங்கே கற்பித்தல் தனித்த பணியாக இருந்ததில்லை, ஸ்தபதியோ தச்சரோ தாம் செய்யும் வேலையின் ஊடாகவே அடுத்த தலைமுறையைப் பழக்கினர். கற்பிப்பதற்கென்றே கலைஞரைத் தனியாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணம் அரசுக் கொள்கையாக உருப்பெற்றது 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்குத் தூண்டுதலாக இருந்தது வணிகப் போட்டி.

பிரிட்டனின் ஆலைகள் துணியையும் பீங்கானையும் பெருமளவில் உற்பத்தி செய்தபோதும், அழகிலும் வேலைப்பாட்டிலும் பிரெஞ்சுச் சரக்குகளே சந்தையில் முந்தி நின்றன. இதற்குக் காரணம் தேட 1835இல் அமைந்த நாடாளுமன்றக் குழு, வடிவமைப்புக் கல்வி இல்லாமையே குறை என்று கண்டதன் விளைவாக 1837இல் லண்டன் சோமர்செட் ஹவுஸில் அரசு வடிவமைப்புப் பள்ளி தொடங்கப்பட்டது. அப்பள்ளி விரைவிலேயே ஒரு சிக்கலைச் சந்தித்தது. ஆலைக்கு வேண்டிய அலங்கார வடிவங்களை மட்டும் கற்பிப்பதா, மனித உருவம் வரைவதையும் சேர்ப்பதா என்பதில் ஓவியர்களிடையே கடும் கருத்து வேறுபாடு நிலவியது; அதைவிட முக்கியமாக, மாகாண நகரங்களில் புதிதாகத் திறக்கப்பட்ட கிளைப் பள்ளிகளுக்கு அனுப்பத் தகுதியான ஆசிரியர்கள் போதிய அளவில் கிடைக்கவில்லை.

1851ஆம் ஆண்டின் பெரும் கண்காட்சி பிரிட்டிஷ் வடிவமைப்பின் குறைகளை உலகின் முன் வைத்த பிறகு, ஹென்றி கோல் என்ற நிர்வாகியும் ரிச்சர்ட் ரெட்கிரேவ் என்ற ஓவியரும் இக்கல்வியை முற்றிலும் மாற்றி அமைத்தனர். 1852இல் இதற்கென ஓர் அரசுத் துறை உருவானது. அதன் மையமாக ஆசிரியர்களைத் தயாரிக்கும் பயிற்சிப் பள்ளி மார்ல்பரோ ஹவுஸில் இயங்கி, 1857இல் சவுத் கென்சிங்டனுக்கு இடம் மாறியது. இதுவே 1863இல் தேசியக் கலைப் பயிற்சிப் பள்ளி என்றும், 1896இல் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் என்றும் பெயர் பெற்றது.

ரெட்கிரேவ் வகுத்த பாடத்திட்டம் 23 படிநிலைகளைக் கொண்டிருந்தது. கருவிகளால் கோடு வரைதலில் தொடங்கி, அச்சிட்ட மாதிரிகளைப் பார்த்துக் கையால் புற உருவை வரைதல், சுண்ணத்தால் வார்த்த சிற்ப நகல்களைப் பார்த்து நிழலிடல், மனித உருவம், உடற்கூறு, வண்ணம், களிமண் உருவாக்கம் என்று ஏறி, வடிவமைப்பு ஏறக்குறைய முடிவில்தான் வந்தது. ஒரே சிற்ப நகலின் நிழலைப் புள்ளி புள்ளியாக வைத்து முடிக்க மாணவர் மாதக்கணக்கில் உழைத்தனர். இப்படிநிலைகளைத் தொகுதி தொகுதியாகத் தேறியவருக்கு ஓவிய ஆசிரியர் சான்றிதழ் வழங்கப்பட்டது. நாடெங்குமுள்ள பள்ளிகளின் மாணவர் ஓவியங்கள் லண்டனுக்கு வரவழைக்கப்பட்டு மதிப்பிடப்பட்டன. அந்த மதிப்பீட்டைப் பொறுத்தே பள்ளிக்கும் ஆசிரியருக்கும் பணம் கிடைக்கும் முறையும் பின்னர் வந்தது. எந்த நகரத்திலும் எந்த ஆசிரியரும் ஒரே பாடத்தை ஒரே வரிசையில் நடத்தலாம் என்பது இம்முறையின் பெரும் வலிமை. ஆசிரியர் தாமே ஓவியராக இருக்க வேண்டிய தேவையை அது ஏறக்குறைய நீக்கிவிட்டது என்பதே அதன் பெரும் தீங்கு; இவ்வரலாற்றின் பிற்பகுதி முழுவதும் அத்தீங்கைச் சரிசெய்ய நிகழ்ந்த முயற்சிகளாகவே காணத்தக்கது. 1857இல் வெளிவந்த நூலில் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் ஓவியப் பயிற்சியின் பயன் இயற்கையை உற்றுப் பார்க்கக் கற்பதில் இருக்கிறது என்று வலியுறுத்தியது, இம்முறைக்கு அக்காலத்திலேயே எழுந்த எதிர்க்குரல்.

சவுத் கென்சிங்டன் முறை கடல் கடந்தும் பரவியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1870இல் இயற்றிய சட்டம், 10,000 பேருக்கு மேல் வாழும் ஊர்கள் 15 வயது கடந்தவர்களுக்குத் தொழில்சார் வரைகலையை இலவசமாகக் கற்பிக்க வேண்டும் என்றது. சவுத் கென்சிங்டனில் பயின்ற வால்டர் ஸ்மித் அதை நடத்த அழைக்கப்பட்டு, 1873இல் பாஸ்டனில் வரைகலை ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியை நிறுவினார். இன்று அது மாநில அரசின் கலைக் கல்லூரியாகத் தொடர்கிறது.

இந்தியாவில் சென்னையே முன்னோடி. மருத்துவரான அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் சொந்த முயற்சியில் தொடங்கிய கலைப் பள்ளியை அரசு 1855இல் ஏற்றுக்கொண்டது. கல்கத்தா, பம்பாய், லாகூர் பள்ளிகள் அடுத்தடுத்து எழுந்தன. பம்பாயின் ஜான் கிரிஃபித்ஸ், கல்கத்தாவின் ஹென்றி லாக், சென்னைக்கு 1884இல் கண்காணிப்பாளராக வந்த எர்னஸ்ட் ஹேவல் ஆகிய மூவரும் சவுத் கென்சிங்டனில் பயின்றவர்கள். ஆகவே கிரேக்கச் சிற்பங்களின் சுண்ண நகல்கள் இந்தியப் பள்ளிகளின் கூடங்களிலும் இடம்பிடித்தன; வேலைப்பாட்டில் தேர்ந்த கைவினைக் குடும்பங்களின் பிள்ளைகள் அந்நகல்களைப் பார்த்து வரையக் கற்றனர்.

ஆயினும் இப்பள்ளிகளில், திட்டமிடாமலேயே, ஓர் ஆய்வு மரபு முளைவிட்டது. கிரிஃபித்ஸ் 1872 முதல் 1885 வரை பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளி மாணவர்களை அஜந்தாவுக்கு அழைத்துச் சென்று குகை ஓவியங்களை அளவெடுத்துப் படியெடுக்கச் செய்தார். லண்டனுக்கு அனுப்பப்பட்ட அப்படிகளில் பல அங்கே ஏற்பட்ட தீவிபத்தில் அழிந்தபோதும், எஞ்சியவற்றின் துணையுடன் 1890களில் வெளியான இரு பெருந்தொகுதிகள் அஜந்தாவை உலக அறிஞர்களுக்கு அறிமுகம் செய்தன. அதுபோலவே கல்கத்தா மாணவர்கள் ராஜேந்திரலால் மித்ராவின் ஒரிசாத் தொல்லியல் ஆய்வில் கோயில்களை வரைந்தளித்தனர். ஒரு சுவரோவியத்தைப் படியெடுப்பவர் அதன் கோடு எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது, எந்த வண்ணம் முதலில் இடப்பட்டது என்பவற்றைத் தம் கையால் கண்டறிகிறார். இந்த அறிவு நூலறிவால் மட்டும் கிட்டாதது என்பதைப் பிற்காலக் கோட்பாட்டாளர்கள் பல பக்கங்களில் எழுதி நிறுவினர். இம்மாணவர்களோ அதைச் செய்தே காட்டியிருந்தனர்.

ஹேவல் தமிழகத்தின் கைத்தொழில்களை ஊர் ஊராக ஆராய்ந்த பட்டறிவால், தாம் கற்ற முறையையே கேள்விக்கு உட்படுத்தினார். 1896இல் கல்கத்தா பள்ளிக்குச் சென்றபின் அங்கிருந்த ஐரோப்பிய நகல்களை அகற்றி, இந்திய ஓவியங்களைப் பாடத்தின் மையமாக்கி, அபனீந்திரநாத் தாகூரைத் துணைத் தலைவராக அமர்த்தினார். அபனீந்திரநாத்தின் மாணவர் நந்தலால் போஸ், 1919இல் சாந்திநிகேதனில் தொடங்கப்பட்ட கலாபவனத்தின் பொறுப்பேற்று, தேர்வுகளுக்கு அதிக இடமளிக்காத ஒரு கல்வியை வளர்த்தார். ஆசிரியரும் மாணவரும் ஒரே சுவரில் இணைந்து ஓவியம் தீட்டியதும், விழா அலங்காரம், மேடையமைப்பு, நூல் அட்டை ஆகியவை பாடமானதும், கலைஞராக இருப்பதும் கற்பிப்பதும் ஒன்றே என்ற நிலையை மீட்டன. இங்கு பயின்ற தேவி பிரசாத் 1944 முதல் காந்தியின் சேவாகிராம ஆதாரக் கல்விப் பள்ளியில் குழந்தைகளுக்கு ஓவியமும் மண்பாண்டமும் கற்பித்து, அந்த வகுப்பறை அனுபவத்தைக் கல்விக்குக் கலையே அடித்தளம் என்ற வாதமாக நூலில் விரித்தார். கலைஞர், ஆசிரியர், ஆய்வாளர் ஆகிய மூன்று பணிகளும் ஒருவரிடம் இயல்பாகக் கூடியதற்கு இந்தியாவில் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

சென்னைப் பள்ளிக்கு 1929இல் முதல் இந்தியத் தலைவராக வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் அபனீந்திரநாத்தின் மாணவரே. மேலே குறிப்பிட்ட தேவி பிரசாத் வேறொருவர். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்த ராய் சௌத்ரி, நிர்வாகப் பொறுப்பின் நடுவிலும் சிற்பக்கூடத்தை விட்டு விலகவில்லை. அவரிடம் பயின்று ஆசிரியராகி, 1957இல் அவருக்குப்பின் தலைமையேற்ற கே.சி.எஸ். பணிக்கரும், பிற்காலத்தில் அப்பொறுப்புக்கு வந்த சிற்பி எஸ். தனபாலும், மாணவர் தத்தம் மண்ணின் வடிவங்களிலிருந்து நவீனக் கலையைக் கண்டடைய வேண்டும் என்று ஊக்கினர். ஆனால் ஓவியத்தால் பிழைக்க வழி என்ன என்பது மாணவர்களைத் தொடர்ந்து வருத்திய கேள்வி. 1966இல் பணிக்கரின் முன்முயற்சியால் சென்னைக்கு அருகே உருவான சோழமண்டலக் கலைக் கிராமம், கைவினைப் பொருள்களை விற்று அவ்வருவாயில் ஓவியமும் சிற்பமும் படைப்பது என்று அதற்கு ஒரு விடை தந்தது. பலருக்குக் கிடைத்த விடை ஆசிரியர் வேலையே.

பள்ளிகளுக்கான ஓவிய ஆசிரியர்கள் தமிழகத்தில் பெரும்பாலும் வேறொரு வழியில் வந்தனர். டிராயிங் லோயர், ஹையர் என்று மக்கள் குறிப்பிடும் அரசு தொழில்நுட்பத் தேர்வுகளில் தேறி, பின்னர் டி.டி.சி. எனப்படும் தொழில் ஆசிரியர் சான்றிதழ்ப் பயிற்சியை முடித்தவர்கள் தையல், இசை ஆசிரியர்களோடு சிறப்பாசிரியர் என்ற பிரிவில் அமர்த்தப்பட்டனர். புற உருவை வரைதல், பொருளைப் பார்த்து வரைதல் என்று வகுக்கப்பட்ட இத்தேர்வுகளில் ரெட்கிரேவின் படிநிலைகளின் சாயலைக் காணலாம். சிற்றூர்ப் பிள்ளைகளுக்குத் தூரிகையை முதலில் கையில் கொடுத்தவர்கள் பல இடங்களில் இந்த ஓவிய ஆசிரியர்களே. இருப்பினும் அவர்களுக்கு அளிக்கப்பட்ட பயிற்சி, குழந்தை எவ்வாறு காண்கிறது, எவ்வாறு வரைகிறது என்பதைவிட மாதிரியைப் பிழையின்றிப் பார்த்து வரைவதிலேயே அதிக அக்கறை காட்டியது.

குழந்தையின் ஓவியத்தைத் தனிப்பொருளாகக் கருதும் நோக்கு வியன்னாவில் 1897 முதல் சிறார் கலை வகுப்பு நடத்திய ஃபிரான்ஸ் சிசெக்கிடமும், 1912இல் டட்லி நகரப் பெண்கள் பள்ளியில் ஆசிரியரான மேரியன் ரிச்சர்ட்சனிடமும் தெளிவு பெற்றது. ரிச்சர்ட்சன் மாணவியரைக் கண்மூடச் செய்து, ஒரு காட்சியைச் சொற்களால் விவரித்து, மனத்தில் எழும் படத்தை வரையச் சொன்னார். பின்னர் லண்டனில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்து இம்முறையைப் பரப்பினார். வியன்னாவைச் சேர்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்று, குழந்தையின் ஓவிய வளர்ச்சி கிறுக்கலில் தொடங்கி எந்தெந்தப் பருவங்களைக் கடக்கிறது என்பதை 1947இல் வெளியான நூலில் விளக்கினார். அவர் பணியாற்றிய பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கலைக் கல்வி முனைவர் பட்டத்துக்குரிய துறையாக வளர்ந்தது. இதன்பின் கலை ஆசிரியர், வகுப்பறையைத் தம் ஆய்வுக்களமாகக் கொள்ளும் தகுதியையும் பெற்றார்.

வடிவமைப்புத் துறையின் பாதை சற்று மாறுபட்டது. 1919இல் வைமாரில் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில், ஒவ்வொரு பட்டறைக்கும் வடிவத்தைக் கற்பிக்கும் ஓவியர் ஒருவரும் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் கைவினைஞர் ஒருவரும் இணைந்து பொறுப்பேற்றனர். அங்கு புகழ்பெற்ற தொடக்கநிலைப் பாடத்தை வகுத்த ஜோஹன்னஸ் இட்டனும், பின்னர் அதை நடத்திய ஜோசப் ஆல்பர்ஸும் முன்னரே பள்ளி ஆசிரியர்களாகப் பயிற்சி பெற்றவர்கள் என்பது கவனத்துக்குரியது. பொருளைத் தொட்டும் வெட்டியும் மடித்தும் மாணவரே கண்டறியும் அப்பாடம் வகுப்பறையை அறிந்தவர்களின் கைவண்ணம். இந்தியாவில், அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியர் 1958இல் அளித்த அறிக்கையையொட்டி 1961இல் அகமதாபாத்தில் தோன்றிய தேசிய வடிவமைப்பு நிறுவனம், தொடக்க ஆண்டுகளில் வெளிநாட்டு வடிவமைப்பாளர்களை வரவழைத்துத் தனக்கான ஆசிரியர்களை முதலில் உருவாக்கிக்கொண்டு, 1970இல்தான் பள்ளிப்படிப்பை முடித்தவர்களுக்கான பாடத்தைத் தொடங்கியது. ஆசிரியரின்றிப் பள்ளியைத் திறந்த 1837ஆம் ஆண்டின் லண்டனோடு ஒப்பிட்டால் இந்த வரிசையின் அறிவுடைமை விளங்கும்.

கலைஞர் தம் படைப்பையே ஆய்வாக முன்வைத்து முனைவர் பட்டம் பெறலாமா என்பது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கேள்வி. இந்தியாவில் 1950இல் தொடங்கிய பரோடா நுண்கலைப் புலம், செய்முறையோடு கலை வரலாற்றையும் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பில் இணைத்து இதற்கான சூழலை அமைத்தது. அங்கு ஆசிரியராக இருந்த கே.ஜி. சுப்பிரமணியன் ஓவியத்திலும் கட்டுரையிலும் ஒருங்கே சிந்தித்தவர். அமெரிக்கக் கல்லூரிக் கலைச் சங்கம் 1977இல் நுண்கலை முதுகலைப் பட்டமே படைப்புக் கலைஞருக்கு உயர்நிலைப் பட்டம் என்று அறிவித்தது. பிரிட்டனில் நிலைமை வேறு. 1992இல் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்களானபோது, அவற்றுள் அடங்கியிருந்த கலைப் பள்ளிகளும் ஆய்வு மதிப்பீட்டுக்கு உட்பட்டன. ஆய்வைப் பொறுத்து நிதி கிடைத்ததால் ஆய்வு எது என்று வரையறுப்பது அவசரத் தேவையாயிற்று. ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டின் கிறிஸ்டபர் ஃப்ரேலிங் 1993இல் கலையைப் பற்றிய ஆய்வு, கலையின் வழியான ஆய்வு, கலைக்கான ஆய்வு என்று மூன்றாகப் பகுத்தார். முதலாவது கலை வரலாறும் கோட்பாடும். இரண்டாவது, ஒரு பொருளின் தன்மையைச் செய்து பார்த்து, அந்தச் செயலைப் பதிவுசெய்து அறிவிப்பது. மூன்றாவது, சிந்தனை முழுவதும் படைப்பினுள்ளேயே உறைந்திருப்பது. இரண்டாம் வகை பல நாடுகளின் முனைவர் பட்ட விதிகளில் இடம்பெற்று, படைப்பும் அதற்குத் துணையான எழுத்தும் சேர்ந்தே மதிப்பிடப்படுகின்றன.

இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிகள், காட்சிக்கலை உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலைப் பட்டத்தோடு தேசியத் தகுதித் தேர்வையோ முனைவர் பட்டத்தையோ கோரின. அதே விதிகள், தம் துறையில் பாராட்டத்தக்க சாதனை புரிந்த மரபுவழிக் கலைஞரோ தொழில்முறைக் கலைஞரோ இளநிலைப் பட்டம் பெற்றிருந்தால் அப்பணிக்கு வருவதற்கு மாற்று வழி ஒன்றையும் திறந்து வைத்தன.